துணிக்கொடியில் ஒரு ஆன்டெனா

சென்னையில் கொடுங்கையூர்ப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்து, பொழுதுபோக்காக வானொலியில் மற்றவர்களோடு பேசும் ஹாம் ரேடியோக்காரருக்கு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்குவதுகூடப் பெரிய காரியமில்லை. மொட்டை மாடியில் கம்பி கட்ட அசோசியேஷனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "இடி இறங்கும் சார்", "பார்க்க நல்லாயில்ல சார்". எங்கள் கட்டடத்தில் செயலாளர் கடைசியில் ஒரு வழி விட்டார்: "கண்ணுல படாம எதையாவது பண்ணிக்குங்க."

கண்ணில் படாதது என்றால் ஏற்கெனவே மாடியில் இருப்பதுதானே? தண்ணீர்த் தொட்டி, டிஷ், வடகம் காயும் பாய், அப்புறம் துணிக்கொடி. நான் கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு, அரை அலை ஆன்டெனா சுமார் 20 மீட்டர் நீளம். மாடி அவ்வளவு நீளமில்லையா? கவலை வேண்டாம், கைப்பிடிச் சுவரை ஒட்டி மடக்கிக் கட்டினாலும் வேலை செய்யும். உள்ளே கூடாக இருக்கும் பின்னல் நைலான் கயிறு வாங்கி, உறை போட்ட மெல்லிய செப்புக் கம்பியை அதற்குள் கோத்துவிடுங்கள். வெளியே தெரிவது கயிறு மட்டும்தான். ரேடியோவுக்குப் போகும் கேபிளோடு சேரும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்று இருக்கிறதே, திறந்திருக்கும் செம்பில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏற்றிவிடும்.

மேல்மாடி அக்கா ஒருநாள் கேட்டார்: "உங்க கொடி மட்டும் தொய்யவே மாட்டேங்குதே தம்பி, எங்க வாங்கினீங்க?" ரிச்சி தெருவில் என்றேன். பொய்யில்லை, உள்ளே ஓடும் வயர் அங்கே வாங்கியதுதான்!

ஈரப்புடவை தொங்கினால் ஆன்டெனா இசைந்திருக்கும் அதிர்வெண் சற்றுப் பிசகும். அதைவிட முக்கியம் ஒன்று: ஒலிபரப்பும்போது கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம், தொட்டால் சுரீரென்று சுடும். அதனால் முனைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். துணி எடுத்தபிறகு, மாடியில் ஆளில்லாத நேரத்தில்தான் நான் பேசுவேன். இடி மின்னல் என்றால் கேபிளைக் கழற்றிவிடுவேன். மின்வாரியக் கம்பி பக்கமே போகவேண்டாம்.

இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு இன்னும் சுலபம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு நம் சுவர்களில் இறங்கும் பிவிசி குழாய்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றோடு ஒன்றாக ஒரு வெற்றுக் குழாயை நிறுத்தி, ஒன்றரை மீட்டர் ஆன்டெனாவை உள்ளே இறக்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?

மறைப்பது பக்கத்து வீட்டார் கண்ணுக்குத்தான், அரசாங்கத்துக்கு அல்ல. லைசென்ஸில் உங்கள் முகவரியே இருக்கும். நம் ஒலிபரப்பால் அடுத்த வீட்டு டிவியில் கோடு விழுந்தால் நாமே போய்ச் சரிசெய்துகொடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செத்துக் கிடந்த அந்த நாட்களில் அந்தமான் செய்திகளை வெளியே சேர்த்தது அவர் வானொலி. சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. பரீட்சை எழுதுங்கள், கொடி கட்டுங்கள், நாற்பது மீட்டரில் கூப்பிடுங்கள். துணி காய்ந்திருந்தால் பதில் சொல்கிறேன்.