தசை வளர்க்கும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?



உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பையன். பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருக்கிறான். அடுத்த ஆண்டுப் போட்டிக்குள் தோள் அகலமாக வேண்டும், திடலில் யாரும் தன்னை இடித்துத் தள்ளிவிடக்கூடாது என்பது அவனுடைய ஆசை. ஒருநாள் அப்பாவிடம், "தசை வளர்றதுக்கு ஒரு மாவு இருக்குப்பா, குழுவுல எல்லாரும் சாப்பிடுறாங்க" என்கிறான். விலை நூறு வெள்ளிக்குப் பக்கம். பிள்ளை சிகரெட்டுக்கா காசு கேட்கிறான், சத்துணவுக்குத்தானே என்று அப்பாவும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

சத்துணவு என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தாலும் அந்த டப்பாக்களில் இருப்பவை ஒரே இனம் அல்ல. சிலவற்றில் பாலிலிருந்து எடுத்த வெறும் புரத மாவு. சிலவற்றில் கிரியேட்டின். சிலவற்றில் பயிற்சிக்கு முன் குடிப்பதற்கான கஃபீன் கலவை. இன்னும் சில, ஹார்மோனைத் தூண்டும் என்ற விளம்பரத்தோடு வரும் மாத்திரைகள்.

புரத மாவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது தேவையா? கடுமையாகப் பயிற்சி செய்யும் 60 கிலோ எடையுள்ள பையனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டை, இரண்டு கோப்பை பால், 100 கிராம் கோழி, 100 கிராம் தெம்பே, ஒரு கிண்ணம் பருப்பு. கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கு மேல் போவது தசையாக மாறுவதில்லை. உடல் அதை எரிசக்தியாகச் செலவழிக்கும் அல்லது கொழுப்பாகச் சேர்க்கும்.

கிரியேட்டின் உடலே தயாரித்துக்கொள்ளும் பொருள். இறைச்சியிலும் மீனிலும் உண்டு. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கிற்குப் பிறகு பிரபலமானது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அது இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அதனால் பெரிய கெடுதல் தெரியவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் செய்யப்பட்ட நீண்டகால ஆய்வுகள் மிகக் குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பதின்ம வயதினருக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் வாரத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். பையன் பூரித்துப்போவான். ஏறியதில் பெரும்பகுதி தசைக்குள் சேர்ந்த தண்ணீர் என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை. ஒரு கரண்டிக்கு இவ்வளவு என்றால் மூன்று கரண்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் வயது அது. கஃபீன் கலவையில் அந்தக் கணக்கு ஆபத்தானது. சிலவற்றில் ஒரு கரண்டியிலேயே 200, 300 மில்லிகிராம் கஃபீன் உண்டு. அதாவது இரண்டு மூன்று கோப்பைக் காப்பி. அதைக் குடித்துவிட்டு மூன்று மணி வெயிலில் திடலில் ஓடினால் இதயம் என்ன பாடுபடும்?

உண்மையான அபாயம் ஹார்மோன் வகையில் இருக்கிறது. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. பிள்ளை உயரமாவது அங்கிருந்துதான். ஸ்டீராய்டு உடலுக்குள் போனதும் அதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி அந்தத் தட்டைக் காலத்துக்கு முன்பே மூடிவிடக்கூடும். ஒருமுறை மூடிக்கொண்டால் அது திரும்பத் திறக்காது. உயரமாக, பலமாக வேண்டும் என்று விழுங்கியதே உயரத்தை நிறுத்திவிடுகிறது. பையன்களுக்கு மார்பகம் பருப்பதும் பெண் பிள்ளைகளுக்குக் குரல் தடித்து அப்படியே நின்றுவிடுவதும் இதன் கூடவே வருபவை.

எந்தப் பெற்றோரும் தெரிந்து ஸ்டீராய்டு வாங்கித் தரமாட்டார். தெரியாமல் நடப்பதுதான் கதை. 1970களிலும் 80களிலும் கிழக்கு ஜெர்மனியில் பதின்ம வயது நீச்சல், திடல்தட வீராங்கனைகளுக்குப் பயிற்றுவிப்பாளர்கள் நீல மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வைட்டமின் என்றுதான் சொன்னார்கள். அது ஸ்டீராய்டு. அந்நாட்டு விளையாட்டுத் துறையை நடத்திய மன்ஃப்ரெட் எவால்டை 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தபோது அந்தப் பெண்களின் இளமை கழிந்துபோயிருந்தது.

அது ஒரு சர்வாதிகார நாட்டில் நடந்தது, கடையில் வாங்குவது அப்படியா என்று கேட்கலாம். 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் 634 சத்துப்பொருள்களை வாங்கிச் சோதித்தது. ஹார்மோன் இருப்பதாக எவற்றின் சீட்டிலும் குறிப்பிடப்படவில்லை. ஆனால் 94இல் ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பொருள்களை விற்கும் முன் அவை பாதுகாப்பானவை என்று தயாரிப்பாளர் அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இணையம் வழி இங்கு வந்து சேர்பவற்றில் அந்நாட்டுச் சரக்கும் உண்டு. சிங்கப்பூரிலும் துணை ஊட்டச்சத்துப் பொருள்களுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி கட்டாயமில்லை. கடையில் விற்கிறது என்றால் யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று நினைப்பது தவறு.

தேசிய அணிக் கனவுள்ள பிள்ளைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. சிறுநீர்ச் சோதனையில் தடைப் பொருள் தெரிந்தால் பொறுப்பு விளையாட்டாளருடையது. டப்பாவில் போடவில்லை என்று சொன்னால் தண்டனை குறையலாம், குறையாமலும் போகலாம். பதக்கம் போவது நிச்சயம்.

2002ஆம் ஆண்டின் 'ஸ்லிம் 10' விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். மூலிகை என்று விற்ற மெலியும் மாத்திரை அது. சீட்டில் சொல்லாத மருந்துப் பொருள் அதில் கலந்திருந்தது. நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் பழுதடைந்தது. அவருடைய காதலர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். இன்னொரு பெண்மணி இறந்தே போனார். தசைக்கு விற்கும் ஹார்மோன் மாத்திரைகளும் பெரும்பாலும் அதே கல்லீரல் வழியாகத்தான் போகின்றன.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பெரும்பாலான பிள்ளைகள் அப்பா முன்னால் உண்மையைச் சொல்வதில்லை. ஆகவே மருத்துவர் பையனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், அப்பா கொஞ்சம் வெளியே உட்கார்ந்திருக்கலாம்.