கண்ணு சிவந்தா எல்லாமே மெட்ராஸ் ஐ இல்ல

ஆபீஸ்ல ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டுட்டு வருவார். ரெண்டு நாள்ல அந்த வரிசையே கூலிங் கிளாஸோட உட்கார்ந்திருக்கும். உடனே நாம சொல்றது ஒண்ணுதான்: "மெட்ராஸ் ஐ, மெடிக்கல் ஷாப்ல ஒரு டிராப்ஸ் வாங்கி விடு." இந்த அட்வைஸ் எங்க தப்பாப் போகுதுன்னு இன்னைக்குப் பேசலாம்.

மெட்ராஸ் ஐ-ங்கிறது கண்ணோட வெள்ளைப் பகுதியை மூடியிருக்கிற மெல்லிய சவ்வுல வர்ற தொற்று. பெரும்பாலும் அடினோவைரஸ்தான் காரணம். கண் உறுத்தும், தண்ணியா வடியும், காலையில இமை ஒட்டிக்கும். பொதுவா ஒண்ணு, ரெண்டு வாரத்துல தானாவே சரியாகும். வைரஸ்ங்கிறதால ஆன்டிபயாடிக் அதுமேல வேலை செய்யாது. பார்த்தாலே ஒட்டிக்கும்னு சொல்றதும் உண்மை இல்ல. கை, டவல், தலையணை உறை வழியாத்தான் பரவும்.

அப்போ பிரச்சினை என்ன? சிவப்புங்கிறது பொதுவான எரர் மெசேஜ் மாதிரி. ஏதோ தப்புன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது. கருவிழியில தொற்று வந்தாலும் கண் சிவக்கத்தான் செய்யும். அதுக்குப் பேர் கெராட்டைட்டிஸ். கருவிழிதான் வெளிச்சம் உள்ளே போற ஜன்னல். அங்க புண் ஆறினாலும் தழும்பு நின்னு பார்வை மங்கலாம். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

இது யாருக்கு வரும்? ஊர்ல வயல் வேலை செய்றவங்களுக்கு, கண்ணுல இலையோ குச்சியோ பட்டு பூஞ்சைத் தொற்று வரும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கான்டாக்ட் லென்ஸ் முக்கியமான காரணம். லென்ஸோட தூங்குறது, குழாய்த் தண்ணியில அதைக் கழுவுறது ரெண்டுமே ஆபத்து. அந்தத் தண்ணியில அகாந்தமீபான்னு ஒரு ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். அது கருவிழியில புகுந்தா சிகிச்சை மாசக்கணக்குல நீளும்.

இப்போ அந்த டிராப்ஸுக்கு வருவோம். "அண்ணா, கண்ணு சிவந்திருக்கு"ன்னு கேட்டா, சில கடைகள்ல ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வரலாம். சிவப்பு சீக்கிரமே குறையும். ஆனா அது குறையறது உடம்போட எதிர்ப்பை அடக்குறதால. உள்ள பூஞ்சையோ ஹெர்பிஸ் வைரஸோ இருந்தா அது தாராளமா வளரும். அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு பக்கை அப்படியே விட்ட கதைதான். வாரக்கணக்குல போட்டா கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமாவும் வரலாம்.

டாக்டர் ஸ்லிட் லாம்ப்ல கருவிழியைப் பெருசாக்கிப் பார்ப்பார். புண் இருந்தா அதுல கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்து, பாக்டீரியாவா பூஞ்சையான்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் மருந்து வேற வேற. கடை கவுன்டர்ல நின்னு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால மூணு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க: வலி, கூச்சம், மங்கல். சிவப்போட இதுல ஒண்ணு சேர்ந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். கருவிழியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சாலும், கண்ணுல அடிபட்டிருந்தாலும், லென்ஸ் போடுறவரா இருந்தாலும் அப்படித்தான். லென்ஸை உடனே கழட்டிடுங்க, ஆனா தூக்கிப் போடாம டப்பாவோட எடுத்துட்டுப் போங்க; டெஸ்ட்டுக்கு உதவலாம். பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத குழந்தைக்குக் கண்ணுல சீழ் வந்தா அது எமர்ஜென்சி. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

செலவுன்னு தயங்காதீங்க. சென்னையில எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல இருந்து இருக்கு. ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.