மூளை அமைப்பும் பிள்ளைகளின் மொழியும்

(எமது சபையின் ஆண்டு நிறைவை ஒட்டி இங்கிலாந்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில், பேச்சு மொழிச் சிகிச்சையாளரான சபை அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பிள்ளைக்கு இரண்டரை வயது, இன்னும் கதைக்கவில்லை" என்று கவலையோடு வரும் பெற்றோரைத்தான் என் தொழிலில் அதிகம் காண்கிறேன். அப்படி வரும் பிள்ளைகளில் பலருக்கு அது வெறும் தாமதம்தான். சிலருக்கு மட்டும், ஸ்கான் எடுத்துப் பார்க்கும்போது மூளையின் அமைப்பே வேறு விதமாக இருப்பது தெரிய வரும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். ஏனென்றால் அவர்கள் நம் நடுவிலும் வளர்கிறார்கள். அவர்களின் பெற்றோர் சில வேளை ஆராதனை முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூளை அமைப்புக் குறைபாடு என்பது பிறந்த பிறகு வந்த அடி அல்ல. தாயின் வயிற்றில் மூளை உருவாகும் காலத்திலேயே ஏற்படுவது. நரம்புக் கலங்கள் ஓரிடத்தில் பிறந்து, தங்கள் இடத்தைத் தேடி நகர்ந்து போய், அங்கே மடிப்பு மடிப்பாக மூளையின் மேற்பரப்பை உண்டாக்குகின்றன. இந்தப் பயணம் இடையில் தடைப்பட்டால் சில பகுதிகள் உருவாகாமல் போகலாம், அல்லது வேறு வடிவில் உருவாகலாம். மரபணு மாற்றம், கர்ப்ப காலத்தில் வரும் சில வைரஸ் தொற்றுகள், இரத்த ஓட்டக் குறைவு, மதுபானம் ஆகியவை காரணமாகலாம். பல பிள்ளைகளில் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை.

ஆனால் நம் ஆட்களோ காரணம் சொல்லத் தயங்குவதில்லை. கிரகணத்தில் வெளியே போனாளாம், யாரோ கண் வைத்தார்களாம், பெற்றவர்கள் செய்த பாவமாம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதே கேள்வியைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பதே அவர் தந்த பதில். அந்தப் பதிலை வாசித்து வளர்ந்த நாம், ஒரு தாயின் காதுபட அந்தப் பழைய கேள்வியைக் கேட்கக் கூடாது.

இனி மூளைக்குள் போவோம். மூளைக்கு வலம், இடம் என்று இரண்டு பாதிகள். 1861இல் பிரெஞ்சு வைத்தியர் போல் புரோக்கா, பேச்சை இழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்த பிறகு ஆராய்ந்து, இடது பாதியின் முன்பகுதி சேதமடைந்திருப்பதைக் கண்டார். பெரும்பாலானவர்களுக்குச் சொல், வாக்கிய அமைப்பு ஆகியவை இடது பாதியிலேயே தங்கியிருக்கின்றன. குரலின் ஏற்ற இறக்கம், கேலி, சொல்லின் மறைபொருள் ஆகியவற்றைப் பிடிக்க வலது பாதியும் வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் பாலத்தின் பெயர் கோர்ப்பஸ் கலோசம். ஏறக்குறைய 20 கோடி நரம்பு இழைகள் அதன் வழியாகப் போகின்றன.

சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இந்தப் பாலம் முழுமையாகவோ பாதியாகவோ இல்லாமல் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வேறு பாரமான குறைபாடுகளும் உண்டு. வேறு சிலரோ நன்றாகக் கதைப்பார்கள், வாசிப்பார்கள், பரீட்சையிலும் தேறுவார்கள். பத்து வயது வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதன் பிறகுதான், கூட்டாளிகளின் பேச்சு முழுவதும் பகிடியும் ஜாடையுமாக மாறும்போது, பிள்ளை தனித்துப் போகிறது. கலிபோர்னியாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் வாரன் பிரவுனும் அவருடன் ஆய்வு செய்த லின் போலும் இதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர்கள். பழமொழி, நகைச்சுவை, குரலில் இருக்கும் உணர்ச்சி ஆகிய மூன்றிலும் இவர்கள் தடுமாறுவதை அவர்களின் ஆய்வுகள் காட்டின.

நம் வீட்டுப் பேச்சில் இதை யோசித்துப் பாருங்கள். அம்மா கோபத்தில், "நல்லாத்தான் இருக்கு நீ செய்த வேலை" என்கிறார். சொற்களை மட்டும் கேட்கும் பிள்ளை, பாராட்டு என்று நினைத்துச் சிரிக்கும். அடுத்த நொடி, "சிரிப்பு வேறயா?" என்று இரண்டாவது ஏச்சு விழும். பிள்ளை அடங்காததல்ல. அதற்குச் சொல் போய்ச் சேர்ந்தது, தொனி போய்ச் சேரவில்லை.

ரெய்ன் மேன் என்ற ஆங்கிலப் படம் 1988இல் வந்தது. அந்தக் கதை பிறக்கத் தூண்டுகோலாக இருந்தவர் அமெரிக்காவின் கிம் பீக். 1951இல் பிறந்த அவருக்கு இந்தப் பாலம் இல்லை. குழந்தையாக இருந்தபோதே விடுதியில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் வளர்ந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களை நினைவில் வைத்திருந்தார். ஆனால் சட்டைப் பொத்தான் போட அவருக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். ஒருமுறை உணவகத்தில் சத்தமாகக் கதைத்தபோது, குரலைத் தாழ்த்தும்படி தகப்பன் சொன்னார். கிம் என்ன செய்தார் தெரியுமா? கதிரையில் சரிந்து, தொண்டையைக் கீழே கொண்டுபோனார்! அவர் பகிடி விடவில்லை. சொன்னதை அப்படியே செய்தார். 2009இல் இறக்கும்வரை தகப்பனே அவருக்குத் துணையாக இருந்தார்.

வேறு விதமான குறைபாடுகளும் உண்டு. மூளையின் மேற்பரப்பு மடிப்பில்லாமல் வழுவழுப்பாக அமைந்துவிட்டால், பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராது. ஆனாலும் தாயின் குரலுக்கு அதன் முகம் மலரும். அதுவும் மொழிதான். இன்னும் சிலருக்கு, நாக்கையும் உதட்டையும் இயக்கும் பகுதி இரு பக்கமும் சரியாக அமைவதில்லை. அவர்களுக்கு விழுங்குவதும் கடினம், உமிழ்நீர் வடியும், சொல் தெளிவாக வராது. இந்த நாட்டு நரம்பியல் வைத்தியர் வோர்ஸ்டர் டிரவுட் 1956இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இவர்களில் பலருக்கு நாம் சொல்வது நன்றாகவே விளங்கும். வாய்தான் ஒத்துழைக்காது. வாய் பேச முடியாதிருந்த சகரியா எழுத்துப் பலகை கேட்டு வாங்கித்தான் மகனின் பெயரைச் சொன்னார். அதுபோல் இந்தப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகமோ, மக்கடன் சைகையோ, பேசும் டாப்லெட்டோ கொடுக்க வேண்டும். கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை.

முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, தலையில் நீர் சேரும் பிள்ளைகளில் சிலர் இதற்கு நேர்மாறு. வாய் ஓயாமல் அழகாகக் கதைப்பார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது. சரளமாகக் கதைப்பதைப் பார்த்து, "இவனுக்கு எல்லாம் விளங்கும்" என்று ஆசிரியர் நினைத்துவிடுவார். இவ்வகைக் குறைபாட்டை ஓரளவு தடுக்கவும் முடியும். முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, மீண்டும் வருவது 72 வீதம் குறைந்ததாக 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஆகவே கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உள்ளவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி, 12 வாரம் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். முன்பு இப்படிப் பிள்ளை பிறந்திருந்தால் கூடிய அளவு தேவை, வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி நம்பிக்கை தரும் ஒரு செய்தி. அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு 1987இல் வேறொரு காரணத்துக்காக மூளை ஸ்கான் எடுத்தார்கள். இடது பக்கத்தில், மொழிக்கு மிக முக்கியமான பொட்டுப் பகுதி ஏறக்குறைய முழுவதுமே அவருக்கு இல்லை! அவரோ பட்டப்படிப்பு முடித்து, ரஷ்ய மொழியும் கற்றவர். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் பின்னர் ஆராய்ந்தபோது, அவருடைய மொழி முழுவதும் வலது பாதியில் குடியேறி இருந்தது. இளம் மூளைக்கு இப்படி இடம் மாறிக்கொள்ளும் வல்லமை உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இரு பாதியும் பாதிக்கப்பட்டால் கடினம். ஆனால் ஸ்கான் படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிடவும் முடியாது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால், ஹெல்த் விசிட்டரிடமோ ஜிபியிடமோ சொல்லுங்கள். முதலில் காதைச் சோதிப்பார்கள். சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே எண்ணுங்கள். வந்த சொற்கள் மறைந்து போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாடசாலையில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 வயது வரை செல்லக்கூடிய ஈ.எச்.சி. திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

"தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரு மொழி கேட்பதால் குறைபாடு உண்டாவதில்லை. டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளும் இரண்டாவது மொழி அவர்களைப் பின்னுக்கு இழுக்கவில்லை என்றே காட்டுகின்றன. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் தாலாட்டவும் தேற்றவும் முடியும். அம்மம்மாவோடு கதைக்க வழியில்லாத பிள்ளைக்கு இன்னொரு கதவும் அடைபட்டுப் போகும்.

ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் உவமைகள்தான் அதிகம். ஆண்டவர் தம்மை வாசல் என்றும் மேய்ப்பன் என்றும் திராட்சைச் செடி என்றும் சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளை, "இயேசுவுக்கு இலை இருக்குமா?" என்று கேட்டால் மற்றவர்களைச் சிரிக்க விடாதீர்கள். படம் வரையுங்கள். இது எதற்கு ஒப்பு என்று நேராகச் சொல்லுங்கள். சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பதிலை நீங்களே முடித்துவிடாதீர்கள்.

இனி பிள்ளைகளே, உங்களோடு. எல்லோரும் கண்ணை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் இடது கையில் ஒரு விரலைத் தொடட்டும். எந்த விரலோ, வலது கையில் அதே விரலைப் பெருவிரலால் தொட்டுக் காட்டுங்கள். சரியா? இப்போது உங்கள் மூளைப் பாலத்தின் வழியாக ஒரு செய்தி ஓடியது. சின்னவர்களுக்குப் பிழை வரலாம். அவர்களின் பாலம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பாலமே இல்லாத பிள்ளைகளும் சின்ன வேலைகளை வேறு பாதையால் செய்துவிடுவார்கள். வேலை சிக்கலானால்தான் நேரம் வேண்டும்.

ஆகவே உங்கள் கூட்டாளிக்குப் பகிடி விளங்கவில்லை என்றால், "காதில் பூச் சுற்றுகிறாய்" என்றதும் அவன் காதைத் தடவிப் பார்த்தால், சிரிக்க வேண்டாம். "பொய் சொல்கிறாய் என்று அர்த்தம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவனும் உங்களோடு சேர்ந்து சிரிப்பான். அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தப் பாலத்தை நீங்களே போட்டுவிட்டீர்கள்.

திக்குவாயனான மோசேக்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்தவர், நம் சபையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆரோனைத் தருவாராக.