அஞ்சல் தலையைப் பிய்க்காதீர்கள்!

(பழம்பொருள் சேகரிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, ஒரு காலத்தில் சீனாவில் இயங்கிய அயல்நாட்டு அஞ்சலகங்கள் வழியாகப் போன பழைய கடிதங்களைச் சேகரிப்பது. "சீனாவின் தபாலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், சிறு வயதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, நான் அஞ்சல் தலை சேர்க்கிறேன் என்று கேள்விப்பட்டு, ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய உறைகளைக் கொடுத்தார். அவருடைய தகப்பனாருக்குச் சீனாவிலிருந்து வந்த கடிதங்களின் உறைகள் அவை. நீளவாக்கில், நடுவே சிவப்புப் பட்டை போட்ட உறைகள். முன்பக்கம் முழுவதும் தூரிகையால் எழுதிய சீன எழுத்துகள். தலை ஒட்டியிருந்தது பின்பக்கத்தில். பெரும்பாலும் சிவப்பு நிற 4 காசுத் தலைகள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம், ஹாங்காங் என்ற பெயர், அதற்கு மேல் கறுப்பு மையில் ‘சீனா’ என்று ஆங்கிலத்தில் மறுபடியும் ஓர் அச்சு.

ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, அத்தனையையும் ஊறவைத்து, ஒரே பிற்பகலில் 43 தலைகளை உரித்தெடுத்தேன். நாளிதழ்த் தாளில் காயவைத்து ஆல்பத்தில் ஒட்டினேன். நனைந்த உறைகளை என்ன செய்வது? காயவைத்து அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். அம்மா வெந்நீர் போட்டார்கள். என்னவோ பெரிய சாதனை செய்தவன் போல இருந்தேன். அடுப்பில் போனது என்ன என்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஹாங்காங் தலையின் மேல் எதற்காகச் ‘சீனா’ என்று அச்சிட வேண்டும்? அங்கேதான் கதை தொடங்குகிறது.

முதல் அபினிப் போரில் தோற்ற சீனா, 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போயிற்று. கேண்டன், அமோய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்ஹாய் ஆகிய ஐந்து துறைமுகங்களை அந்நிய வணிகர்களுக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. வணிகர் வந்தால் தூதரகம் வரும். தூதரகம் வந்தால் தபால் வரும். 1844ஆம் ஆண்டிலேயே அந்தத் துறைமுகங்களில் பிரிட்டிஷ் தூதரகங்கள் கடிதங்களை வாங்கி அனுப்பத் தொடங்கிவிட்டன. 1862ஆம் ஆண்டு டிசம்பரில் ஹாங்காங்கின் முதல் அஞ்சல் தலைகள் வெளிவந்தபோது, அதே தலைகள் சீனத் துறைமுகங்களிலும் விற்பனைக்கு வந்தன.

பிரிட்டன் செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஷாங்ஹாயில் பிரெஞ்சுக்காரர்கள் 1862இலும், அமெரிக்கர்கள் 1867இலும், ஜப்பானியர்கள் 1876இலும், ஜெர்மானியர்கள் 1886இலும் திறந்தார்கள். ரஷ்யர்கள் 1870இல் தரைவழியாகப் பீக்கிங் வரை வந்தார்கள். இத்தாலிகூட, எல்லாம் முடியப்போகிற நேரத்தில், 1917இல் பீக்கிங், தியென்ஜின் என்று அச்சிட்ட தலைகளோடு வந்து சேர்ந்தது. சற்று யோசித்துப் பாருங்கள். சொந்த அரசாங்கம் இருக்கிற ஒரு நாட்டில், ஏழு அந்நிய நாடுகள் தங்கள் தங்கள் தபால் நிலையத்தை நடத்துகின்றன. ஷாங்ஹாய் வியாபாரி காலையில் எழுந்து, இன்று எந்த நாட்டுக் கப்பல் புறப்படுகிறது என்று பார்த்து, அதற்குத் தோதான தபால் நிலையத்துக்குக் கடிதத்தை அனுப்புவார்.

அமெரிக்கர் செய்த வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1919இல் அவர்கள் தங்கள் தலைகளில் ‘ஷாங்ஹாய் சீனா’ என்று அச்சிட்டு, 1 காசுத் தலையை 2 காசு என்றும், 2 காசுத் தலையை 4 காசு என்றும் மாற்றினார்கள். கொள்ளை லாபம் என்று நினைக்காதீர்கள். உள்ளூர் வெள்ளியின் மதிப்பு அமெரிக்க வெள்ளியில் பாதி என்று கணக்கிட்டதால் வந்த இரட்டிப்பு அது.

சேகரிப்பவர்களுக்குச் சுவையான பகுதி இனிமேல்தான். சீனாவுக்கும் சொந்தத் தபால் வந்தது. சுங்கத்துறைத் தலைவராக இருந்த ராபர்ட் ஹார்ட்டின் முயற்சியால் 1878இல் சுங்கத்துறை மூலமாக ‘பெரிய டிராகன்’ தலைகள் வெளிவந்தன. 1896இல் பேரரசரின் ஆணையால் தேசிய அஞ்சல்துறை அமைந்தது. ஆனால் 1914ஆம் ஆண்டு வரை சீனா உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேரவில்லை. அதனால் சீனத் தலைக்குச் சீனாவுக்கு வெளியே மதிப்பில்லை.

பீக்கிங்கில் இருக்கும் ஒருவர் பாரிஸுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷாங்ஹாய் வரை கொண்டுபோகச் சீனத் தலை. அங்கிருந்து கடல் கடக்கப் பிரெஞ்சுத் தலை. ஒரே உறையில் இரண்டும். சீனத் தபால்காரர் தன் தலைக்கு முத்திரை குத்தி, கடிதத்தைப் பிரெஞ்சு அஞ்சலகத்தில் கொடுப்பார். அவர்கள் தங்கள் தலைக்குக் குத்திக் கப்பலில் ஏற்றுவார்கள். இதைச் சேகரிப்பாளர்கள் ‘காம்பினேஷன் கவர்’ என்பார்கள். உறையிலிருந்து அந்த இரண்டு தலைகளையும் பிரித்துவிட்டால், ஒரு சாதாரண சீனத் தலையும் ஒரு சாதாரண பிரெஞ்சுத் தலையும்தான் மிஞ்சும். சேர்ந்திருக்கும்போதுதான் அது வரலாறு.

முத்திரையும் அப்படித்தான். 1917ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் விற்றது வெறும் ஹாங்காங் தலைதான், மேலச்சு கிடையாது. எந்த ஊரில் போட்டது என்று முத்திரையை வைத்துத்தான் சொல்லமுடியும். ‘பி 62’ என்றிருந்தால் ஹாங்காங். ‘எஸ் 1’ என்றால் ஷாங்ஹாய், ‘ஏ 1’ என்றால் அமோய், ‘என் 1’ என்றால் நிங்போ. நிங்போவில் தபால் போக்குவரத்து குறைவு. ஆகவே ஹாங்காங் முத்திரையோடு எளிதில் கிடைக்கிற தலை, நிங்போ முத்திரையோடு வந்தால் ஏலத்தில் போட்டி வந்துவிடும். வட்ட முத்திரையில் பாதி தலையிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். தலையை உரித்தால் ஊர்ப் பெயரில் பாதி, தேதியில் பாதி என்று எதற்கும் உதவாமல் போய்விடும்.

சரி, நமக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு வருவோம்.

பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் தபால் கப்பல்கள் 1845இலிருந்து ஹாங்காங் வரை ஓடின. சிலோனில் காலி, பிறகு பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் என்பது தடம். பிற்காலத்தில் ரஷ்ய ரயில் வந்து ‘சைபீரியா வழி’ என்று உறையில் எழுதத் தொடங்கும்வரை, சீனாவிலிருந்து லண்டன் போன கடிதங்களில் பெரும்பகுதி நம் துறைமுகங்களைத் தொட்டுத்தான் போயிற்று.

இந்தியர் கடிதங்களும் உண்டு. 1900இல் பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டன் அனுப்பிய படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்காக இந்தியத் தலைகளில் ‘ஸி.ஈ.எஃப்.’ என்று அச்சிட்டார்கள். சீனப் படையெடுப்பு அணி என்பதன் சுருக்கம். அந்தத் தலை ஒட்டி, சென்னை மாகாணத்துக் கிராமம் ஒன்றுக்குத் தமிழில் முகவரி எழுதிய உறை ஒன்று எங்காவது இருக்கவேண்டும் என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கண்ணில் படவில்லை.

மூன்றாவது தொடர்பு, இங்கே வாழும் சீனர்களுடையது. கூலிவேலைக்கு வந்தவர்கள் ஊருக்குப் பணமும் கடிதமும் சேர்த்து அனுப்புவார்கள். அதற்கென்றே முகவர் கடைகள் இருந்தன. 1876இல் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் அரசாங்கம் சீனர்களுக்கென ஒரு துணை அஞ்சலகத்தைத் திறந்தபோது, பிழைப்பு போய்விடும் என்று அந்த முகவர்கள் கொதித்தார்கள். டிசம்பர் 15ஆம் தேதி கலவரமே மூண்டு, அஞ்சலகம் சூறையாடப்பட்டது. ஒரு தபால் நிலையத்துக்காகக் கலவரமா என்று சிரிக்கவேண்டாம். குடும்பத்துக்குப் போகும் அரிசிப் பணம் அந்தக் கடிதத்துக்குள் இருந்தது. இத்தகைய கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்த்தது.

தியோச்சூ மக்களின் கடிதங்கள் சுவாத்தோ துறைமுகம் வழியாகப் போய்வந்தன. அங்கேயும் பிரிட்டிஷ் அஞ்சலகம் இருந்தது. தவுக்கே கொடுத்த உறைகள் அங்கிருந்து வந்தவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். அந்தத் தவுக்கேயின் பேரன். "அங்கிள், தாத்தா உங்களிடம் ஒரு டின் நிறையப் பழைய உறை கொடுத்தாராமே, இருக்கிறதா?" என்று கேட்டார். குடும்பத்தோடு சீனாவுக்குப் போய்ப் பூர்வீகக் கிராமத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. கிராமத்தின் பெயர் யாருக்கும் நினைவில்லை. கல்லறைக் கல்லில் மாவட்டத்தின் பெயர் மட்டுமே செதுக்கியிருக்கிறது. அந்த உறைகளின் இடதுபக்கத்தில், அனுப்பியவர் ஊர் எழுதியிருக்கும் என்று அவருடைய அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் ஆல்பத்தைத்தான் எடுத்து நீட்டினேன். 43 தலைகள். சிலவற்றில் சுவாத்தோ என்ற பெயரின் பாதி தெரிந்தது. துறைமுகத்தின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை, "பரவாயில்லை அங்கிள், தாத்தாவும் வேண்டாம் என்றுதானே கொடுத்தார்" என்றார். கைத்தொலைபேசியில் ஆல்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த அஞ்சலகங்களைச் சீனர்கள் அவமானச் சின்னமாகவே பார்த்தார்கள். அது நியாயமும்கூட. முதல் உலகப் போரில் 1917இல் ஜெர்மன் அஞ்சலகங்கள் மூடப்பட்டன. 1920இல் ரஷ்ய அஞ்சலகங்கள் போயின. 1922 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநாட்டில் மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு இறுதிக்குள் மூடின. குத்தகைப் பகுதியான வெய்ஹைவெய்யில் மட்டும் பிரிட்டிஷ் அஞ்சலகம் 1930 வரை நீடித்தது. ஆகவே இந்த உறைகளை ‘அந்தக் காலத்துச் சீமான்களின் நினைவு’ என்று கண்ணாடிக்குள் வைத்துப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. யாருடைய பலம், யாருடைய பலவீனம் அந்த மேலச்சில் இருக்கிறது என்று தெரிந்தே சேகரிக்கவேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலச்சுகளில் போலி அதிகம். சாதாரணத் தலையில் ‘சீனா’ என்று அச்சிடுவது கள்ளனுக்குப் பெரிய வேலையில்லை. முதலில் தேதியைப் பாருங்கள். ஷாங்ஹாய் பிரிட்டிஷ் அஞ்சலக முத்திரையில் 1925 என்றிருந்தால், அழகாக இருக்கிறதே என்று மயங்காமல் கீழே வைத்துவிடுங்கள். உறையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்; வழியில் தொட்ட ஊர்களின் முத்திரைகள் அங்கேதான் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் தாளில் பழுப்புப் புள்ளிகள் வரும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் போடவே வேண்டாம். விலை உயர்ந்ததை வாங்குமுன் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய டின் ஏதும் கிடைத்தால், பேசினை எடுக்காதீர்கள். உறையின் இருபக்கத்தையும் படம் எடுத்து, சீனம் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் முகவரியை வாசிக்கச் சொல்லி, அதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். தூரிகை எழுத்தைப் படிக்கக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதாக நெறியாளர் கைகாட்டுகிறார்.