பாட்டும் தாளமும் ஒருவர் கையில்



சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்கு அமைந்த ஆசிரியர்களை இளங்கோவடிகள் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார். ஆடலாசிரியன் ஒருவன், இசையாசிரியன் ஒருவன், பாட்டு இயற்றும் புலவன் ஒருவன், தண்ணுமை முழக்குவோன் ஒருவன், குழலுக்கும் யாழுக்கும் தனித்தனியே ஆசிரியர் உண்டு. ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணத்தையும் அடிகள் வகுத்துரைக்கிறார். ஏனைக் கருவிகளின் இசையில் குறை நேர்ந்தால் நிரப்புவதும், மிகை நேர்ந்தால் அடக்குவதும் தண்ணுமையாசிரியனின் கடமை என்பது அங்கே பெறப்படும் செய்தி.

இன்றைய கச்சேரி மேடையிலும் இந்த ஒழுங்கே பெரும்பாலும் நிலவுகிறது. பாடுபவர் தொடையில் கை தட்டித் தாளம் போடுவார். மிருதங்கம் வேறொருவர் மடியில் இருக்கும். கீர்த்தனையை இயற்றியவரோ பல காலத்துக்கு முன்பே மறைந்தவராயிருப்பார். பாட்டு, குரல், தாளம் ஆகிய மூன்றும் மூவரிடம் பிரிந்து நின்று, மேடையில் ஒன்று கூடுகின்றன.

இவ்வழக்கத்தில் வளர்ந்த தமிழர் வங்காளத்திற்கு வந்து குடியேறியதும் அவருக்கு வியப்பளிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஹௌராவிலிருந்து போல்பூர் செல்லும் இரயில் வண்டியில், காவியுடுத்த பாவுல் ஒருவர் ஏறுகிறார். வலக்கையில் ஏக்தாரா என்னும் ஒற்றைத்தந்திக் கருவி, இடுப்பில் கட்டிய சிறு முழவு, காலில் சதங்கை. விரல் தந்தியை மீட்ட, இடக்கை முழவைத் தட்ட, கால் சதங்கையை ஒலிக்க, வாய் பாடுகிறது. பக்கவாத்தியக்காரர் எவரும் இல்லை. ஒருவரே ஒரு கச்சேரியாக நிற்கிறார்.

அந்த முழவை டுக்கி என்பர். தபலாவின் இடப்பக்கக் கருவியாகிய பாயாவைச் சிறிதாக்கினாற் போன்றது அது. பாவுல்களின் மற்றொரு கருவியாகிய கமக் இன்னும் நுட்பமானது. மரத்தால் குடைந்த சிறு உடல்; அதன் ஒரு வாயில் தோல்; அத்தோலின் நடுவிலிருந்து புறப்படும் தந்தி; தந்தியின் மறு நுனியில் கைப்பிடி. உடலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடக்கையால் கைப்பிடியை இழுத்தும் தளர்த்தியும், வலக்கையால் தந்தியை மீட்ட வேண்டும். இழுத்தால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தந்தியின் அதிர்வு தோலில் பாய்வதால் எழும் ஓசையைத் தந்தியிசை என்பதா, தோலிசை என்பதா என்று பிரித்துக் கூற இயலாது. சுருதியும் தாளமும் ஒரே கருவியில், ஒரே கையசைவில் பிறக்கின்றன.

நம் உடுக்கையை அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதியதன்று. உடுக்கையின் இடையிலுள்ள கயிற்றை அழுத்தினால் ஒலி உயர்வதும், விட்டால் தாழ்வதும் நாம் கண்டவை அல்லவா? கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை பாடும் பாணர் உடுக்கையைத் தாமே அடித்துப் பாடுவர். தஞ்சைப் பகுதி லாவணியில் எதிரெதிராக அமர்ந்து வாதிடும் பாடகர்கள் டேப்பைத் தாமே தட்டி, அடிக்கு அடி பாட்டைக் கட்டிக்கொண்டே போவர். நாகூரில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடுவர். பெண்களின் கும்மியிலோ கருவியே வேண்டாம். பாடுகின்ற கைகளே முழவு. நெல் குற்றும்போது பாடிய வள்ளைப்பாட்டில் உலக்கையின் வீழ்ச்சியே தாளம். பாடுபவர் வேறு, தாளம் வேறு என்பது நம் மேடையின் மரபு. நம் களத்து மேட்டின் மரபு வேறு.

இவ்வாறு தாமே தாளமிடுவதால் பாட்டுக்கு வரும் பயன் யாது? பக்கவாத்தியக்காரர் பாடகரின் குறிப்பை உணர்ந்து பின்தொடர்கிறார். எத்துணை வல்லவராயினும் அவர் கேட்ட பிறகே வாசிக்க வேண்டும். தம் முழவைத் தாமே தட்டுபவர்க்கு அந்த இடைவெளி இல்லை. பாவுல் மூச்சு வாங்குமிடத்தில் கை சற்றே தயங்கும். பொருள் செறிந்த சொல் வரும்போது கை அடங்கி வழிவிடும். அடி முடிந்து வாய் ஓய்ந்ததும் கை பேசத் தொடங்கும். கடிகாரத்தின் கணக்கால் அளந்தால் இத்தாளம் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். ஆயினும் கேட்பவர்க்கு இடறல் தோன்றாது. மூச்சின் நெகிழ்ச்சியும் தாளத்தின் நெகிழ்ச்சியும் ஒரே உடலினின்று வருவதே அதன் காரணம்.

வங்க மரபில் இந்த ஒருமை, பாட்டை இயற்றுவது வரையில் செல்கிறது. 1890ஆம் ஆண்டில் மறைந்த லாலன் பக்கீர் தம் பாடல்களைத் தாமே இயற்றிப் பாடினார். ஏட்டில் எழுதி வைத்தவர்கள் சீடர்களே. சிலைதா பகுதியில் அஞ்சல்காரராயிருந்த ககன் ஹர்கரா என்பவர் தாமே கட்டிப் பாடிய ஒரு பாட்டின் மெட்டில்தான், இரவீந்திரநாத தாகூர் 1905ஆம் ஆண்டில் வங்கப் பிரிவினையை எதிர்த்துப் பாடிய 'ஆமார் சோனார் பாங்ளா' அமைந்தது. அதுவே இன்று வங்காளதேசத்தின் நாட்டுப்பண். கடிதப் பையோடு நடந்த ஒருவரின் மெட்டு ஒரு நாட்டின் பண்ணாயிற்று.

இப்பாடல்களின் இறுதி அடிகளில் பாடியவர் பெயரை அமைப்பது வழக்கம். வங்கத்தார் அதனைப் பணிதா என்பர். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தது போன்ற முத்திரை அது. சொல்லுக்கு முத்திரை உண்டு. ஆனால் கையின் தாளத்துக்கு முத்திரை இல்லை. பாட்டைக் கற்கும் சீடன் சொல்லைக் காப்பாற்றினால் போதும். குருவின் கை எவ்வாறு தட்டியது என்பது கண்டவர் நினைவோடு போய்விடும். அதனைக் காக்க வல்லது ஒலிப்பதிவு ஒன்றே. அந்தக் கடமையை ஒலிப்பதிவு எவ்வளவு நிறைவேற்றியது என்பதே நாம் கருத வேண்டிய செய்தி.

இந்தியாவின் இசைத்தட்டு வரலாறு கல்கத்தாவில்தான் பெருக்கெடுத்தது. 1902ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்த பிரெட் கைஸ்பர்க் என்பவர், நவம்பரில் புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவது அத்தட்டுகளில் கேட்கும். தட்டுகளை அச்சிட்டது ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில். அங்குள்ளவர்கள் பாடியவர் யாரென்று அறிய அது உதவியது. 1908ஆம் ஆண்டில் சியால்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது.

அக்காலத்தில் மின்சார ஒலிவாங்கி இல்லை. பெரிய புனல் ஒன்றின் வாயை நோக்கிப் பாட வேண்டும். அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். முழவின் அடி வன்மையாக விழுந்தால் ஊசி துள்ளிப் பதிவு கெடும். ஆகவே குரலைப் புனலுக்கு அருகிலும் முழவைத் தள்ளியும் வைப்பது எங்கும் முறையாயிற்று. தம் இடுப்பிலேயே முழவைக் கட்டியிருப்பவர் என் செய்வார்? குரல் நெருங்கினால் முழவும் நெருங்கும். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த நேரமும் மூன்று நிமிடத்துக்குச் சற்றேறக்குறையவே. பாட்டும் கையும் ஒன்றாயிருந்தவர்க்கு அந்தப் புனல் ஏற்ற கருவியாக இல்லை.

1925ஆம் ஆண்டு முதல் மின்சார ஒலிவாங்கி வந்தது. பின்னர் காந்த நாடா வந்தது. நாடாவின் வரவால், எடைமிக்க பொறிகளின்றி, பாடுபவர் இருக்குமிடத்துக்கே சென்று பதிவு செய்ய முடிந்தது. 1967ஆம் ஆண்டில் பூர்ணதாஸ் பாவுலும் அவர் குழுவினரும் அமெரிக்கா சென்றபோது, வுட்ஸ்டாக் அருகே 'பிக் பிங்க்' என்று பெயர் பெற்ற வீட்டின் நிலவறையில் அவர்கள் பாடியதைக் கார்த் ஹட்சன் என்ற இசைக்கலைஞர் பதிவு செய்தார். அவர் சேர்ந்திருந்த 'த பேண்ட்' என்னும் குழுவில் லெவன் ஹெல்ம் என்பவர் டிரம் வாசித்துக்கொண்டே பாடியவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த பாப் டிலானின் இசைத்தட்டு உறையில், அவருக்கு அருகே பூர்ணதாஸும் லட்சுமணதாஸும் நிற்கக் காணலாம்.

நாடா மற்றொரு வாய்ப்பையும் தந்தது. ஒருவரே முதலில் டிரம் வாசித்துப் பதிவு செய்து, அதைக் கேட்டபடி மேலே வேறு கருவிகளை வாசித்து, இறுதியில் பாடவும் இயலும். நாடாவுக்கு முன்பே, 1941ஆம் ஆண்டில், சிட்னி பெஷே என்னும் அமெரிக்கக் கலைஞர் தட்டின் மேல் தட்டாகப் பதிந்து, டிரம் உட்பட ஆறு கருவிகளைத் தாமே வாசித்துக் காட்டினார். 1970ஆம் ஆண்டில் பால் மெக்கார்ட்னி தம் பெயரில் வெளியிட்ட முதல் தனித்தட்டில் டிரம் முதலிய கருவிகளைத் தாமே வாசித்தார். 1972ஆம் ஆண்டில் ஸ்டீவி வொண்டர் தம் 'சூப்பர்ஸ்டிஷன்' என்னும் பாட்டுக்குத் தாமே டிரம் வாசித்தார். இன்று ஒரு கணிப்பொறியும் ஓர் ஒலிவாங்கியும் உள்ள இளைஞர் எவரும் தம் அறையிலேயே இதனைச் செய்கிறார்.

இம்முறை பாவுலின் முறைக்கு நேர்மாறானது என்று சிலர் கருதலாம். பாவுலுக்குக் கையும் வாயும் ஒரே கணத்தில் இயங்குகின்றன. இவர்க்குக் கை இன்றும் வாய் நாளையும் இயங்குகின்றன. ஆயினும் அடிப்படை ஒன்றே. பாட்டை இயற்றியவர்க்கே தெரியும், எந்தச் சொல்லின் முன் தாளம் அடங்க வேண்டும் என்று. டிரம்மை முன்னே பதிவு செய்யும்போது, இன்னும் பாடப்படாத அந்தச் சொல்லுக்கு அவர் இடம் விட்டு வாசிக்கிறார். மனத்துள் பாடிக்கொண்டே கையால் வாசிக்கிறார் என்க. சீராக ஒலிக்கும் கணக்குப்பொறியைக் காதில் மாட்டிக்கொண்டு, பாட்டை மறந்து தாளத்தை மட்டும் பதிந்தால், பின்னர்ப் பாட வரும் குரல் அயலார் வீட்டுக்குள் நுழைந்தவர் போலத் தயங்கும். அப்படிச் செய்பவர், பக்கவாத்தியக்காரரிடம் இருக்கும் நுட்பத்தையும் இழந்து, பாவுலிடம் இருக்கும் ஒருமையையும் இழக்கிறார்.

கொல்கத்தா நகரமும் இதற்கு ஒரு சான்று தருகிறது. 1992ஆம் ஆண்டில் 'தோமாகே சாய்' என்ற தொகுப்பின் மூலம் புகழ்பெற்ற சுமன் சட்டோபாத்யாய், பின்னாளில் கபீர் சுமன் எனப் பெயர் கொண்டவர், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கித்தாரைத் தாமே வாசித்துப் பாடினார். முழவு இல்லாத வேளையிலும் தந்திகளின் மேல் விழுந்த அவர் வலக்கையே தாளமாயிற்று. ஒற்றை மனிதர் ஒரு கருவியோடு நின்று பாடும் முறையை இந்நகரம் உவந்து ஏற்றது. தெருவிலும் இரயிலிலும் பாவுலைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது அயலாகத் தோன்றவில்லை போலும்.

தெற்கிலிருந்தும் ஒரு தொடர்பு உண்டு. வங்கத்தில் சனாதன் தாஸ் பாவுலிடம் பயின்ற பார்வதி பாவுல் கேரளத்தைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டவர். ஒரு கையில் ஏக்தாரா, மறு கையில் டுக்கி, காலில் சிலம்பு என்று அவர் சுழன்றாடிப் பாடுவதைக் கண்டவர், குரலையும் தாளத்தையும் பிரித்து நினைக்கவே இயலாது.

ஆனால் கவலைக்குரிய செய்தியும் உண்டு. சந்தைக்கு வரும் பாவுல் பதிவுகள் பலவற்றில், பாடகரின் டுக்கி நீக்கப்பட்டு, தபலாவும் டோலக்கும் விசைப்பலகையின் தாளமும் சேர்க்கப்படுகின்றன. தூய்மையான ஒலி வேண்டும் என்பது நோக்கம். குரலுக்கும் முழவுக்கும் இடையே இரண்டடித் தொலைவே இருப்பதால், ஒன்றன் ஒலி மற்றொன்றின் ஒலிவாங்கியில் புகுந்துவிடும். கலவையைப் பின்னர்ப் பிரித்துத் திருத்துவது கடினம். ஆகவே 'நீங்கள் பாடுங்கள், தாளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிடுவது எளிதாகிறது. சொல் நிற்கிறது, முத்திரையும் நிற்கிறது, கை போய்விடுகிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலும் ஹௌராவிலும் வாழும் நம் குடும்பங்களில், கும்மியும் தாலாட்டும் தெம்மாங்கும் அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பாடும்போது கை தொடையிலோ, பலகையிலோ, கவிழ்த்த குடத்திலோ தட்டுகிறது. பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்ய முனையும்போது, 'பாட்டி, தட்டாதீர்கள். சத்தம் வருகிறது' என்று தடுத்துவிடுகிறார்கள். அந்தச் சத்தமே பாட்டின் பாதி என்பதை அவர்கள் அறியார். பெரியவர்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதிவு செய்யும் முறை எளிது. கருவியை வாயருகே நீட்டாமல், குரலும் கையும் ஒத்த அளவில் கேட்கும்படி மூன்று நான்கு அடி தள்ளி, மெத்தையோ துணியோ விரித்த இடத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பாடுபவரைத் தடுக்காதீர்கள், இடையில் மறந்து நின்று மீண்டும் தொடங்கினாலும் அப்படியே விடுங்கள். முடிந்ததும், கௌஹர் ஜான் செய்ததைப் போல, பாடியவரே தம் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும், ஆண்டையும் சொல்லட்டும்.

தைப்பொங்கலை ஒட்டிய மகர சங்கராந்தி நாளில், பீர்பூம் மாவட்டத்தில் அஜய் ஆற்றங்கரையிலுள்ள ஜயதேவ் கேந்துலியில் பாவுல்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை சென்று கேட்டு வாருங்கள். பாடுபவரின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அவர் இடக்கையையும் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு முதியவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் கை தானாகத் தட்டத் தொடங்கும்போது, அதையும் சேர்த்துக் காத்து வையுங்கள்.