எழுதியவரிடமே கேட்போம்



ஒரு நாவலை வாசித்து முடித்தவர்கள், அதை எழுதியவரோடு கூடியிருந்து அந்த நாவலைப் பற்றிக் கதைப்பதே இந்த மாத உரையின் பொருள். தொழிலால் நான் ஒரு கணக்காளன். இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவன் அல்ல. ஆனால் பல புத்தக வெளியீடுகளில் கதிரை அடுக்கியிருக்கிறேன், ஒலிவாங்கி பிடித்திருக்கிறேன், நேரம் பார்த்திருக்கிறேன். இன்றைய உரைக்குக் காரணமே அந்த நேரம் பார்க்கிற வேலைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கே ஒரு மண்டபத்தில் ஒரு நாவலின் வெளியீடு நடந்தது. வன்னியின் கடைசிக் காலத்தைப் பற்றிய நாவல். எழுதியவர் வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்தார். நிகழ்ச்சி நிரல் உங்களுக்குத் தெரிந்ததுதான். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், ஏற்புரை, நன்றியுரை. இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது. "சபையோர் கருத்துக்கள்" என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். அதிலும் இரண்டு பேர் எழுந்து ஆளுக்கொரு சொற்பொழிவு செய்தார்கள். மூன்றாவதாக, பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் கை உயர்த்தினார். மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. "நேரம் முடிந்துவிட்டது, தேநீரோடு கதைப்போம்" என்று அறிவித்தது வேறு யாருமல்ல, நான்தான்.

பிறகு வாசலில் அவருக்குக் குளிர்ச்சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது, "என்ன கேட்க நினைச்சனீங்கள் அம்மா?" என்றேன். புத்தகத்தை மகள் முன்பே எடுத்துக் கொடுத்திருந்தாராம். அன்று அந்த மண்டபத்தில் அதை முழுதாக வாசித்திருந்த மிகச் சிலரில் அவரும் ஒருவர். நாவலில் ஒரு தாய், இறந்துபோன பிள்ளையை வழியில் விட்டுவிட்டுச் சனத்தோடு நடந்து போகிறாள். திரும்பிப் பார்க்காமல் போனாள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த அம்மா சொன்னார்: "திரும்பிப் பார்த்திருப்பாள் தம்பி. நான் பார்த்தனான். ஏன் அப்பிடி எழுதினவர் எண்டு கேட்க நினைச்சன்."

எழுத்தாளரை அதற்குள் யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க முடியாது. அதற்கு அந்த எழுத்தாளர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தான் பிழையாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்பிப் பார்க்காத ஒரு தாயைத் தான் கண்டதாகவும் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் அது தேவையாக இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை நிறுத்திவிட்டேன்.

நேயர்களே, இதை வேறு ஆக்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அதன்பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். வானொலிக்காரன் என்றபடியால் வானொலியிலேயே தேடினேன். பிபிசியின் நான்காம் வானொலி 1998இல் "புக்கிளப்" என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஜேம்ஸ் நோட்டி என்ற ஒலிபரப்பாளர் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். மாதத்துக்கு ஒரு புத்தகம். அதை வாசித்துவிட்டு வந்த ஒரு சிறு கூட்டம் எழுத்தாளரைச் சுற்றியிருந்து கேள்வி கேட்கும். அரை மணித்தியாலத்துக்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். 2002இல் பிபிசி உலக சேவையும் இதே போன்ற ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, ஹரியட் கில்பர்ட் என்பவரின் பொறுப்பில் நடத்தியது. அதில் பல நாடுகளிலுள்ள நேயர்களும் கேள்வி கேட்டார்கள்.

இவற்றில் நான் கவனித்த முக்கியமான விடயம் ஒன்று. அங்கே எடுத்துக்கொள்வது அன்றைக்கு வெளியான புத்தகத்தை அல்ல. ஏற்கெனவே பலர் வாசித்த, பெயர்பெற்ற நாவலை. நைஜீரியாவின் சிமமாண்டா இங்கோசி அடிச்சி, 2006இல் வெளியான தன் பியாஃப்ரா நாவலைப் பற்றி உலக சேவை நேயர்களுக்குப் பதில் சொன்னார். அவர் பிறந்தது 1977இல். பியாஃப்ரா போர் முடிந்தது 1970இல். தான் காணாத போரைப் பெற்றோரிடம் கேட்டும் நூல்களில் தேடியும் எழுதியவர் அவர். இங்கே நோர்வேயில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

எங்கள் வெளியீட்டு விழாவில் என்ன நடக்கிறது? புத்தகத்தை அன்றைக்குத்தான் விற்கிறோம். அப்படியென்றால் சபையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அதை வாசித்திருக்க வழியில்லை. வாசிக்காதவர் எதைக் கேட்பார்? ஒன்றில் பாராட்டுவார், அல்லது எழுதியவர் எந்தப் பக்கம் நின்றவர் என்று விசாரிப்பார். குறை சனத்தில் இல்லை. நாங்கள் போட்ட ஒழுங்கில்தான் இருக்கிறது.

நோர்வேக்காரர் இதை வேறு விதமாக ஒழுங்கு செய்திருக்கிறார்கள். 1965 முதல் இங்கே அரசு, புதிய நோர்வேஜிய இலக்கிய நூல்களை வாங்கி நூலகங்களுக்குக் கொடுக்கும் திட்டமொன்றை வைத்திருக்கிறது. எழுத்தாளர் ஊருக்கு வரும்போது அவருடைய புத்தகம் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும். பாடசாலைகளுக்குக் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அனுப்பும் தேசியத் திட்டம் ஒன்று 2001இல் தொடங்கியது. பண்பாட்டுப் புத்தகப்பை என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஆகவே எங்கள் பிள்ளைகள் வகுப்பிலேயே நோர்வேஜிய எழுத்தாளர்களைக் கண்டு கேள்வி கேட்டு வளர்கிறார்கள். தமிழில் எழுதுகிற ஒருவரை அப்படி இருந்து கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இது எங்களுக்குப் புதிய பழக்கம் என்றும் நினைக்கவேண்டாம். 1950 முதல் 1954 வரை "பொன்னியின் செல்வன்" தொடராக வந்து முடிந்தபோது, கல்கி ஒரு முடிவுரை எழுதினார். கதை முடிந்த விதத்தில் வாசகர்களுக்கு மனக்குறை இருக்கும் என்பதை அறிந்து, பாத்திரங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று அதில் விளக்கம் சொன்னார்.

அதைவிடப் பெரிய உதாரணம் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதை வெளிவந்தது. ஒரு மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மாணவியை, தாய் தலையில் தண்ணீர் வார்த்து, நீ சுத்தமானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை எழுந்தது. எந்தத் தாய் இப்படி நடப்பாள் என்று வாசகர்கள் கேட்டார்கள். ஜெயகாந்தன் கதையை மாற்றவில்லை. ஆனால் கேள்வியை எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் அப்படி நடக்காமல், ஊரறியக் கத்திக் குளறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் "காலங்கள் மாறும்" என்று தொடராக வந்த அதுதான் 1970இல் "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்ற நூலாகியது. 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அந்த நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். தன் கதையைப் போன்ற ஒரு கதையை அவர் எழுதியிருப்பதை, கதாநாயகி கங்கா ஒரு பத்திரிகையில் வாசிக்கிறாள்.

எந்தத் தாய் இப்படி நடப்பாள் என்ற அன்றைய வாசகர்களின் கேள்வியும், அவள் திரும்பிப் பார்த்திருப்பாள் என்ற எங்கள் அம்மாவின் சொல்லும் ஒரே வகையானவை அல்லவா? முன்னது ஒரு நாவலைத் தந்தது. பின்னதை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

கேள்வி கேட்பதென்றால் எல்லாம் நன்மையாக முடியும் என்றும் சொல்லமாட்டேன். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் கதை. நாலு வருடம் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. 2014 இறுதியில் சில பக்கங்கள் மட்டும் தனியே படியெடுக்கப்பட்டுக் கைகளில் பரவின. புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் திகதி நாமக்கல்லில் அமைதிப் பேச்சு என்ற பெயரில் அவரை அழைத்து, வருத்தம் தெரிவித்துக் கையொப்பமிட வைத்தார்கள். பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். அதுவும் வாசகரும் எழுத்தாளரும் சந்தித்த சந்திப்பு என்று சிலர் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். முழுப் புத்தகத்தையும் வாசித்துவிட்டு வருகிறவர்தான் வாசகர்.

எங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் இலக்கியச் சந்திப்பு என்ற கூடல் 1988இல் ஜேர்மனியில் தொடங்கியது. பிறகு ஐரோப்பாவின் பல நகரங்களில் நடந்து, 2013இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. விருப்பத்தோடும் சொந்தச் செலவோடும் சனம் கூடிய இடம் அது. காரசாரமான வாதங்களும் நடந்த இடம். போரைப் பற்றி எழுதப்பட்ட எந்த நாவலை எடுத்தாலும் எங்களில் ஒருவருக்கு நோகும். அதற்குப் பயந்து கதைக்காமல் விட்டால், நோவோடு நாங்கள் வீட்டில் தனியே இருப்போம். புத்தகம் அலமாரியில் தனியே இருக்கும்.

இன்னொன்று, காலம் காத்திருக்காது. செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" நாவலை நான் இளவயதில் வாசித்தேன். 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டு மீன்பிடித்த மக்களின் கதை. அதைப் பற்றிக் கேட்க என்னிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. அவர் 2016இல் காலமாகிவிட்டார். எஸ்.பொ. 2014இல் போனார். டொமினிக் ஜீவா 2021இல் போனார். கணக்கு வேலையில், வரவேண்டிய பாக்கியைத் தவணைக்குள் கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்பார்கள். இதுவும் அப்படித்தான்.

ஆகவே எங்கள் வானொலிக்கு ஒரு யோசனை வைக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நாவல்கள் போதும். புதியவை வேண்டாம். எழுதியவர் உயிரோடு இருக்கிற, எங்களில் பலர் அறிந்த நாவலாக இருக்கட்டும். மூன்று மாதம் முன்பே பெயரை அறிவிப்போம். லில்லெஸ்ட்ரோம் நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். நோர்வே தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகம், பிறமொழி நூல்களைப் பொது நூலகங்கள் ஊடாக இரவல் கொடுப்பதற்கென்றே இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஒரு புத்தகத்தை நாலு வீடு மாற்றி வாசிப்போம்.

எழுத்தாளர் நேரே வரவேண்டும் என்றில்லை. கனடாவிலோ சென்னையிலோ கொழும்பிலோ இருந்தபடி இணைப்பில் வரலாம். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பன்னிரண்டு கதிரைகளை வட்டமாகப் போட்டால் போதும். வாசித்தவர் மட்டும் கேட்கலாம். கேள்வி ஒரு நிமிடத்துக்குள் இருக்கவேண்டும். புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்கவேண்டும், எழுதியவரின் பக்கத்தைப் பற்றி அல்ல. தமிழில் கேட்கச் சிரமப்படும் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் கேட்கட்டும், நாங்கள் மொழிபெயர்ப்போம். பதில் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எழுதியவரும் "அப்படித்தான் எழுதுவேன்" என்று சொல்லலாம். இரண்டும் நாகரிகமாக நடக்கலாம்.

நேரம் பார்க்கும் வேலையை இந்த முறையும் நானே செய்கிறேன். ஆனால் நீட்டப்பட்ட கை இருக்கும்வரை நிகழ்ச்சியை முடிக்கமாட்டேன். மண்டபத்துக்கு மேலதிக வாடகை வந்தால் அதை என் கணக்கில் எழுதுங்கள்.

அந்த அம்மாவின் கேள்வியை அன்றிரவே குறித்து வைத்தேன். போன கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்து, அந்த எழுத்தாளரை அழைத்தால் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புத்தகத்தை இன்னொருக்கா வாசிக்கவேணும் தம்பி, கண்ணாடி மாத்தவேணும்" என்றார்.

வருவார் என்றே நினைக்கிறேன். முதல் கேள்வி அவருடையது.