சுவரைப் பார்த்துட்டு அப்புறம் பெயிண்டைப் பேசுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கடனும் வீடும்'. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கிறேன்: வீட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறது. பொங்கலுக்கு முன்னாடி குழுவில் கேட்கிற கடனில் இதுவும் ஒண்ணு. தவணை கட்டி முடிக்கிறதுக்குள்ளே அடுத்த ஐப்பசி மழையில் பெயிண்ட் உரிஞ்சு விழுதுன்னா, அந்தக் கடன் எதுக்கு?

மார்கழியில் பெயிண்ட் அடிக்கிற பழக்கமே நமக்குப் பகை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிச்சு. அவ்வளவு தண்ணி குடிச்ச சுவர் தை மாசத்துக்குள்ளே காஞ்சிடுமா? மேலே தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி தேடும்போது பெயிண்டைக் கொப்புளமாத் தூக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை ஓரமெல்லாம் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்க. காலையில் உள்பக்கம் தண்ணி முத்து நின்னா, வேலையை மாசிக்கோ பங்குனிக்கோ தள்ளிப் போடுங்க. பொங்கலுக்கு வாசலும் திண்ணையும் பளிச்சுன்னு இருந்தாப் போதும், பொங்கல் பொங்கத்தான் செய்யும்.

அடுத்தது, பழைய சுண்ணாம்பு. நம்ம வீடுகளில் வருஷா வருஷம் அடிச்ச சுண்ணாம்பு ஏடு ஏடா இருக்கும். கையால தேய்ச்சா வெள்ளையா ஒட்டும். அதுக்கு மேலே எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடிச்சாலும் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். சுண்ணாம்பு உதிர்ந்தா கூடவே விழும். முழுசாச் சுரண்டணும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். பாசி பிடிச்ச இடத்துக்கு பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தடவி, ஊறவிட்டு, நல்லாக் கழுவிக் காயவிடணும். விரிசலை மேலோட பூசி மறைக்காம, கொஞ்சம் வாய் திறந்து, தூசி தட்டி அடைக்கணும். மாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பக்கத்தை மறந்துடாதீங்க, தண்ணி அங்கேதான் இறங்குது. மரக்காணம் பக்கத்து அக்காங்க இன்னொண்ணும் கவனிங்க: போர்த் தண்ணி உப்பா இருந்தா, பூச்சுக்கும் பெயிண்ட் கலக்கவும் நல்ல தண்ணி தனியாப் பிடிச்சு வையுங்க. புதுப் பூச்சுன்னா தண்ணி ஊத்தி ஆறவிட்டு, 28 நாளாவது போகட்டும்.

ஜன்னல் கம்பியில் இருக்கிற பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால அதை உலர்வாத் தேய்க்காம ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க. அன்னைக்குப் பிள்ளைங்களை மாமியார் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிடுங்க.

இப்போ ஆள் பேசுறது. "சதுர அடி எவ்வளவு?" என்பதோட நாம நிறுத்திக்கிறோம். ரேட்டைக் குறைச்சுப் பேசினா அவர் எதைக் குறைப்பார்? சுரண்டுற வேலையைத்தான். முடிஞ்ச பிறகு அது கண்ணுக்குத் தெரியாதே! அதனால சுரண்டல், கழுவல், விரிசல் அடைப்பு, பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட், எந்தச் சரக்கு, சாரம் யார் செலவு, எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. இரண்டு பெயிண்டர்கிட்டேயாவது கேளுங்க. போன வருஷம் அவர் அடிச்ச வீட்டைப் போய்ப் பாருங்க, ஒரு மழையைத் தாண்டின வீடா இருக்கணும்.

அளவை நீங்களே எடுங்க. 18 அடிக்கு 20 அடி வீடு, அதாவது 360 சதுர அடி. சுத்தளவு 76 அடி. கைப்பிடிச் சுவரோட உயரம் 13 அடின்னா 988 சதுர அடி. கதவு, ஜன்னல் கழிச்சா 900க்குப் பக்கம். நல்லாத் தயார் பண்ண சுவரில் லிட்டருக்கு இரண்டு கோட் சுமார் 50 சதுர அடி வரும். ஆக 20 லிட்டர் பக்கெட் ஒண்ணு. இரண்டு பக்கெட்டுன்னு சொன்னா "ஏன் அண்ணே?" என்று கேளுங்க. சுவர் சொரசொரப்பா இருந்தா கூடத்தான் குடிக்கும், காரணம் சொல்லட்டும். சில டப்பாவுக்குள்ளே பெயிண்டருக்கு டோக்கன் போட்டிருப்பாங்க. அதுக்காகவே ஒரு கம்பெனியைச் சொல்றவங்களும் உண்டு.

இதைச் சொன்னதும் அங்கே நாலு பேர் முகம் மாறுது. தெரியும், உங்க வீட்டுக்காரரும் பெயிண்டர். பெயிண்டரைத் திருடனாப் பார்க்கணும்னு நான் சொல்லலை. தாளில் எழுதினா அவருக்கும் பாதுகாப்புதான், பேசாத வேலையைக் கடைசியில் தலையில் கட்ட முடியாது. சுரண்டி முடிச்சதும் ஒரு பங்கு, பிரைமர் ஆனதும் ஒரு பங்கு, முடிஞ்சதும் மீதி என்று கூலியை அன்னைக்கே கொடுங்க. சாரத்தில் ஏறுறவர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிஞ்சிருக்காரான்னும் கேளுங்க. பதியலைன்னா பதியச் சொல்லுங்க. விழுந்தா முதல்ல நிக்கிறது நம்மைப் போல ஒருத்திதான். மின் கம்பி பக்கத்தில் போனா, மின்வாரியத்தில் சொல்லி நிறுத்தாம சாரம் கட்ட விடாதீங்க.

வெயில் நேரா அடிக்கிற சுவரில் அடிக்கக் கூடாது. மேற்குச் சுவர் காலையில், கிழக்குச் சுவர் மதியத்துக்கு மேல். வேலை முடிஞ்சதும் மீதிப் பெயிண்டை இறுக மூடி, நிறத்தோட எண்ணை மூடியிலேயே எழுதி வைங்க. மழையில் ஒரு மூலை போனா அந்த மூலையை மட்டும் தொட்டுக்கலாம், அதுக்குன்னு குழுவில் இன்னொரு கடன் கேட்க வேண்டாம்.